ஒரே மாவில் ஒரு நாள் சாப்பாடு: முழுமையான சத்துமாவை வடிவமைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடையில் ‘36 தானிய சத்துமாவு’ கிடைக்கிறதே, அதுவே முழு உணவு ஆகாதா?

ஆகாது. பொருட்களின் எண்ணிக்கைக்கும் சத்தின் முழுமைக்கும் சம்பந்தமில்லை. பன்னிரண்டு வகைச் சிறுதானியத்தைக் கலந்தாலும் கிடைப்பது தானியத்தின் சத்துதான். ஒன்றில் இல்லாத வைட்டமின் பி12 மற்ற பதினொன்றிலும் இல்லை. பட்டியலை நீட்டுவதற்காக முந்திரி, பாதாம், ஏலக்காய் எல்லாம் கிலோவுக்குப் பத்து கிராம் வீதம் போடுவார்கள். ஒரு வேளைக் கஞ்சியில் அது ஒரு கிராம்கூட வராது. பொருள் எட்டோ ஒன்பதோ இருந்தால் போதும். ஒவ்வொன்றும் எதற்காக இருக்கிறது, எத்தனை கிராம் என்பதற்குப் பதில் இருக்க வேண்டும்.

இதற்கு முன் யாராவது இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்களா?

நிறையப் பேர். மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘இந்தியப் பல்நோக்கு உணவு’ எண்ணெய் எடுத்த நிலக்கடலை மாவு முக்கால் பங்கும் கடலை மாவு கால் பங்கும் சேர்ந்தது. மேலே வைட்டமினும் கால்சியமும் சேர்த்தார்கள். குவாதமாலாவில் மக்காச்சோளமும் பருத்திக்கொட்டை மாவும் கலந்து ‘இன்காபரினா’ வந்தது. 1996இல் பிரான்சில் உருவான ‘பிளம்பிநட்’ கடுமையான ஊட்டக்குறை உள்ள குழந்தைகளுக்கான நிலக்கடலைப் பசை. 92 கிராம் பொட்டலம் ஒன்றில் 500 கலோரி. பெரியவர்களின் தினசரிச் சாப்பாட்டுக்குப் பதிலாக என்ற பேச்சு பரவியது 2013இல், அமெரிக்காவின் ராப் ரைன்ஹார்ட் தான் கலந்து குடித்த ‘சாய்லண்ட்’ என்ற சத்துப்பானத்தைப் பற்றி எழுதியபோது. தன் முதல் கலவையில் இரும்புச்சத்தை விட்டுவிட்டதாகவும், சில நாளிலேயே நெஞ்சு படபடத்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். ஒரே உணவை நம்பி வாழும்போது பட்டியலில் ஒரு வரி விடுபட்டாலும் உடம்பு காட்டிக்கொடுக்கும். கலவைச் சாப்பாட்டில் அந்த ஓட்டையைச் சாம்பாரோ கீரையோ அடைத்துவிடும்.

கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

கலோரியிலிருந்து. பிறகு புரதம், கொழுப்பு, அதன்பின் தாது, கடைசியில் வைட்டமின். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உட்கார்ந்து வேலை செய்யும் 65 கிலோ ஆணுக்கு நாளுக்கு 2110 கலோரி, 54 கிராம் புரதம். 55 கிலோ பெண்ணுக்கு 1660 கலோரி, சுமார் 46 கிராம் புரதம். கால்சியம் இருவருக்கும் 1000 மி.கி. இரும்பு ஆணுக்கு 19 மி.கி., பெண்ணுக்கு 29 மி.கி.

கடைசி வரியைக் கவனியுங்கள். பெண்ணுக்குக் கலோரி குறைவு, இரும்பு அதிகம். ஆணுக்குச் சரியாக வரும் மாவைப் பெண் தன் அளவுக்குக் குறைத்துச் சாப்பிட்டால் இரும்பு பாதி தேவையை ஒட்டித்தான் வரும். ‘குடும்பம் முழுக்க ஒரே மாவு’ என்ற விளம்பரம் இந்த இடத்தில் பொய்த்துப்போகிறது.

சரி, ஒரு நாளுக்கு என்னென்ன, எவ்வளவு?

ஏறத்தாழ 2000 கலோரிக்கான அளவு இது. மூன்று டப்பாக்களாகப் பிரித்து வைப்பதுதான் இந்த வடிவமைப்பின் முக்கியமான முடிவு.

முதல் டப்பா, மில்லில் அரைப்பது: முளைகட்டிய கேழ்வரகு 120 கிராம், கம்பு 80, புழுங்கலரிசி 40, வறுத்த பாசிப்பருப்பு 40.

இரண்டாவது, மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைப்பது: பொட்டுக்கடலை 70, வறுத்த நிலக்கடலை 40, ஆளிவிதை 15, தோல் நீக்காத கறுப்பு எள் 10.

மூன்றாவது, அடுப்பிலிருந்து இறக்கும்போது சேர்ப்பது: கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 50, நாட்டுச்சர்க்கரை 30, நல்லெண்ணெய் 20, அயோடின் உப்பு 4 முதல் 5 கிராம்.

மொத்தம் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். புரதம் 75 கிராமைத் தாண்டும், கொழுப்பு 60 கிராமை நெருங்கும், கால்சியம் 1300 மி.கி.க்கு மேல், இரும்பு சுமார் 20 மி.கி. நான்கு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 70 கிராம் முதல் மாவு, 34 கிராம் இரண்டாவது, 12 கிராம் பால்பவுடர், எண்ணெய் ஒரு தேக்கரண்டி.

54 கிராம் புரதம் போதும் என்றால் எதற்கு 75?

அந்த 54 கிராம் தரமான புரதத்துக்கான கணக்கு. தானியப் புரதமும் பருப்புப் புரதமும் முழுதாகச் செரிப்பதில்லை. ஐந்தில் ஒரு பங்கு வரை கழிவில் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது லைசின், உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டிய ஓர் அமினோ அமிலம், அதாவது புரதத்தின் ஒரு கூறு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் பெரியவர்களுக்கு ஒரு கிராம் புரதத்தில் 45 மி.கி. லைசின் வேண்டும். கேழ்வரகில் 30க்கும் கீழே. பருப்பில் 65க்கு மேல், பாலில் 75க்கு மேல். மேலே உள்ள அளவில் கலந்தால் சராசரி 54 வாக்கில் நிற்கிறது. பால்பவுடரை எடுத்துவிட்டால் 47. தேறும், ஆனால் விளிம்பில்தான். அதனால்தான் வெறும் ராகி மாவில் நான்கு முந்திரியைப் போட்டு ‘புரதம் நிறைந்தது’ என்று எழுதுவதை ஏற்க முடியாது.

மாவைக் கருக வறுத்தால்தான் மணமாக இருக்கிறது. தவறா?

ஆம். நிறம் மாறும்போது முதலில் போவது லைசின்தான், அதுவும் சர்க்கரை பக்கத்தில் இருந்தால் வேகமாக. பால்பவுடரையும் நாட்டுச்சர்க்கரையையும் ஒருபோதும் மாவோடு சேர்த்து வறுக்காதீர்கள். தானியத்தைத் தனித்தனியாக, மிதமான தீயில், மணம் எழும்பும் வரை மட்டும் வறுத்தால் போதும். கேழ்வரகும் பாசிப்பருப்பும் ஒரே நேரத்தில் வறுபடாது. சேர்த்துப் போட்டால் ஒன்று கருகும், மற்றது பச்சையாக நிற்கும்.

ஒரு வேளைக்கான நூறு கிராம் மாவைக் கஞ்சியாக்கினால் களி மாதிரி இறுகிவிடுகிறது. தண்ணீர் விட்டால் வயிறு கொள்ளவில்லை. என்ன செய்வது?

சத்துமாவு வடிவமைப்பில் உண்மையான சிக்கல் இதுதான். சத்துக் கணக்கு காகிதத்தில் சரியாக இருக்கும், குடிக்க முடியாது. மாவுச்சத்து வெந்தால் தண்ணீரை உறிஞ்சி வீங்கும். முளைகட்டாத மாவில் ஒரு வேளைக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் விட்டால்தான் குடிக்கும் பதம் வரும்.

வழி முளைக்குள் இருக்கிறது. தானியம் முளைக்கும்போது அமைலேஸ் என்ற நொதி உருவாகிறது. அது மாவுச்சத்தை நறுக்கிக் கஞ்சியை இளக்கும். பரோடாவில் தாரா கோபால்தாஸ் குழுவினர் 1980களில் குழந்தைக் கஞ்சிக்கு இதை முறைப்படி ஆராய்ந்தார்கள். மாவில் 5 சதவீத அளவு முளைதானிய மாவு இருந்தாலே கெட்டிக் கஞ்சி கூழாகும்.

பலர் கோட்டைவிடுவது அடுத்த படியில். முளைகட்டி, காயவைத்து, பிறகு மணத்துக்காக நன்றாக வறுத்துவிடுகிறார்கள். நொதி அங்கேயே செத்துவிடும். முளைகட்டிய கேழ்வரகில் கால் பங்கை வறுக்காமல், வெயிலில் மட்டும் காயவைத்து அரையுங்கள். மீதியை வறுத்துக்கொள்ளலாம்.

காய்ச்சும் முறையும் முக்கியம். 450 மி.லி. குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மாவையும் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் ஏற்றுங்கள். 60 முதல் 70 டிகிரியில் கஞ்சி முதலில் கெட்டிப்படும், கரண்டி கனக்கும். பயந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். தீயை அணைத்து மூடிவைத்துப் பத்து நிமிடம் கழித்துக் கிளறினால் கரண்டி லேசாகியிருக்கும், விளிம்பிலிருந்து இழையாக வழியும். அதன்பின் கொதிக்கவைத்து ஐந்து நிமிடம் வைத்திருங்கள். இந்தக் கொதியைத் தவிர்க்கவே கூடாது. முளைகட்டும் ஈரத்தில் பாக்டீரியாவும் பெருகியிருக்கும், வறுக்காத கால் பங்கில் அது அப்படியே இருக்கிறது. நேராகக் கொதிநீரில் மாவைக் கொட்டினால் இளகாது. நொதி வேலை தொடங்கும் முன்பே அழிந்துவிடும்.

கேழ்வரகை எப்படி முளைகட்டுவது?

கல் அரித்து, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். வடித்து, ஈரத்துணியில் தளர்வாகக் கட்டி, ஒன்று முதல் இரண்டு நாள் வையுங்கள். துணி காயாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும், தேங்கவும் கூடாது. புளித்த வாடையோ நூல் இழுக்கும் பிசுபிசுப்போ வந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். பூஞ்சை இழைக்கும் வெள்ளை வேருக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால், முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். காய்ந்தபின் உள்ளங்கையில் தேய்த்துப் புடைத்தால் வேர் உதிரும். பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது.

கேழ்வரகுக்குப் பதில் சோளத்தை முளைகட்டலாமா?

வேண்டாம். சோள முளையில் சயனைடை வெளிவிடும் பொருள் சேர்கிறது. முளையை முழுதாக நீக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அது சரி.

கம்பு மாவு ஒரே வாரத்தில் கசக்கிறதே?

கம்பில் கொழுப்பு ஐந்து சதவீதம் வரை உண்டு, அதைச் சிதைக்கும் நொதியும் கூடவே இருக்கிறது. முழுத் தானியமாக இருக்கும்வரை இரண்டும் தனித்தனி. அரைத்த நிமிடம் சேர்ந்துவிடும். கம்பைக் கொதிநீரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை முக்கி எடுத்து, வடித்துக் காயவைத்து, பிறகு அரைத்தால் அந்த நொதி அடங்கும், மாவும் பல வாரம் தாங்கும். வறுப்பதும் உதவும், ஆனால் வறுவல் சீராக விழாது.

கம்பைப் பற்றி இன்னொன்று: அதன் சில நிறமிப் பொருட்கள் தைராய்டின் வேலையைத் தடுக்கக்கூடியவை. அயோடின் போதுமான அளவு கிடைப்பவர்களுக்கு 80 கிராம் பிரச்சினையில்லை. அயோடினே இல்லாமல் தினமும் கம்பு மட்டும் சாப்பிடுவதுதான் ஆபத்து.

இனிப்புக் கஞ்சிக்கு எதற்கு உப்பு?

அயோடினுக்காக. வெல்லம் போட்ட சத்துமாவை இரண்டு வேளை குடித்து, மூன்றாவது வேளை பழம் சாப்பிடுபவர் அன்றைக்கு உப்பையே தொடுவதில்லை. நாளுக்கு வேண்டிய அயோடின் 140 மைக்ரோகிராம். கடையில் விற்கும் உப்பில் கிலோவுக்கு 15 மி.கி.யாவது இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் குறைந்தபட்ச அளவில் 5 கிராம் உப்பில் 75 மைக்ரோகிராம்தான் கிடைக்கும், பாலும் கொஞ்சம் தரும். இந்துப்பு, கல்லுப்பு என்று மாறியவர்கள் பாக்கெட்டில் அயோடின் சேர்த்ததா என்று படித்துவிட்டு மாறுங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். உப்பு விருப்பமென்றால் சர்க்கரையை விட்டுவிட்டு ஆறிய கஞ்சியில் மோர், சின்ன வெங்காயம் சேர்த்துக் குடிக்கலாம். நம்மைக் கேட்டால் அதுதான் நாள்பட அலுக்காத வடிவம்.

இவ்வளவு செய்தபிறகும் என்ன குறைகிறது?

வைட்டமின் சி கிட்டத்தட்ட பூஜ்யம். மாவில் நெல்லிப்பொடி கலந்து கொதிக்கவைத்தாலும் பெரும்பகுதி போய்விடும். ஒரு சிறிய கொய்யா அல்லது ஒரு பெரிய நெல்லிக்காயைப் பச்சையாகக் கஞ்சியோடு சாப்பிட்டால் தீர்ந்தது. கஞ்சியில் உள்ள இரும்பை உடம்பு பிடிப்பதற்கும் அதே சி உதவுகிறது. கஞ்சி குடித்த கையோடு டீ குடித்தால் நேர் எதிர்.

வைட்டமின் ஏ இந்தக் கலவையில் இல்லை என்றே சொல்லலாம். நிழலில் காயவைத்த முருங்கைக்கீரைப் பொடி பத்து கிராம் ஓரளவு தரும், ஆனால் ஒளி படும் கண்ணாடி ஜாடியில் வைத்தால் பச்சை வெளுக்க வெளுக்கச் சத்தும் போகும். பப்பாளியோ கேரட்டோ தனியாகச் சாப்பிடுவது எளிது.

பி12 பால்பவுடரிலிருந்து சுமார் 2 மைக்ரோகிராம் வருகிறது, தேவை 2.2. பாலும் வேண்டாம் என்பவர்களுக்கு மாத்திரைதான், வேறு குறுக்குவழி இல்லை. சுருள்பாசியில் இருக்கும் பி12 பெரும்பாலும் உடம்புக்குப் பயன்படாத வடிவம். வைட்டமின் டி எந்த மாவிலும் வராது.

துத்தநாகம் 14 மி.கி. வாக்கில் நிற்கிறது, ஆணுக்கு 17 வேண்டும். அதிலும் தானியத்தில் இயல்பாகவே உள்ள பைட்டேட் என்ற பொருள் ஒரு பங்கை உடம்பில் சேரவிடாமல் கட்டிப்போடும். ஊறவைத்து முளைகட்டுவதால் பைட்டேட் குறையும். கஞ்சியை ஓர் இரவு புளிக்கவைத்துக் கூழாக்கினால் இன்னும் குறையும்.

வைட்டமின் பொடியை வாங்கி மாவிலேயே கலந்துவிட்டால் என்ன?

வீட்டில் வேண்டாம். பி12 தேவை ஒரு கிராமில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. கரண்டியால் கிளறினால் ஒரு டம்ளரில் பத்து நாள் அளவும் அடுத்த டம்ளரில் ஒன்றுமில்லாமலும் விழும். வைட்டமின் ஏ நாளுக்கு 3000 மைக்ரோகிராமைத் தொடர்ந்து தாண்டினால் ஈரல் பாதிக்கும். தொழிற்கூடத்தில் ஒரு பங்கு பொடிக்கு ஒரு பங்கு மாவு, பிறகு அந்த இரண்டுக்கு இரண்டு, நான்குக்கு நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போய்க் கலக்கும் இயந்திரத்தில் போடுவார்கள், மாதிரி எடுத்துப் பரிசோதிப்பார்கள். வீட்டுக்கு, அளவு அச்சிட்ட மாத்திரையே பாதுகாப்பு.

எண்ணெயை மாவிலேயே கலந்து வைக்கலாமா? ஆளிவிதை எதற்கு?

ஆளிவிதை ஒமேகா-3க்காக. 15 கிராமில் சுமார் 3 கிராம் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் இருக்கிறது. அது காற்றுப்பட்டால் முதலில் கெடுகிற கொழுப்பும்கூட. லேசாக வறுத்து, வாரத்துக்குத் தேவையானதை மட்டும் பொடித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். பழைய பெயின்ட் வாடை அடித்தால் தூக்கிப் போடுங்கள். எண்ணெயை மாவில் கலந்தால் மாவு முழுவதும் சிக்குப்பிடிக்கும், டம்ளரில் ஊற்றிக்கொள்வதே சரி.

நிலக்கடலையில் எதைப் பார்த்து வாங்குவது?

சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது, பூஞ்சணம் பிடித்தது எல்லாவற்றையும் வறுக்கும் முன் பொறுக்கி எறியுங்கள். பூஞ்சையின் அஃப்லாடாக்சின் நச்சு வறுப்பதால் முழுதாகப் போகாது. எப்போதாவது கடலை மிட்டாய் சாப்பிடுபவரைவிட, தினமும் 40 கிராம் சாப்பிடுபவருக்கு இதில் கண்டிப்பு அதிகம் வேண்டும்.

சோயா சேர்க்கலாமா?

பால்பவுடருக்கு மாற்றாக 40 கிராம் சேர்க்கலாம். ஆனால் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, வெறும் வறுவலில் அது சரியாக அழியாது. ஊறவைத்து, வேகவைத்து, காயவைத்து, அதன்பின் வறுத்து அரைக்க வேண்டும். கால்சியம் கணிசமாகச் சரியும் என்பதால் எள்ளைக் கூட்டுங்கள்.

மில்லில் கொடுக்கும்போது?

முன்னால் யாரோ மிளகாய் அரைத்திருப்பார்கள். ஒரு கைப்பிடி அரிசியை முதலில் போட்டு ஓட்டி, அந்த மாவைத் தனியே எடுத்துவிடச் சொல்லுங்கள். கடலையையும் எள்ளையும் மில்லில் கொடுக்காதீர்கள், எண்ணெய் கசிந்து அடைத்துக்கொள்ளும். மிக்சியிலும் பொட்டுக்கடலையோடு சேர்த்து விட்டுவிட்டு ஓட்டினால்தான் பொடியாகும், தொடர்ந்து ஓட்டினால் பசையாகும். மில்லிலிருந்து வரும் மாவு சுடச்சுட இருக்கும். அப்படியே டப்பாவில் அடைத்தால் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்த ஈரம் சொட்டிய இடத்தில்தான் முதல் கட்டி பிடிக்கும். சுத்தமான துணியில் பரப்பி, முழுதாக ஆறியபின் அடையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் அரைத்து வைக்க வேண்டாம். சலிக்கவும் வேண்டாம், கேழ்வரகின் கால்சியத்தில் நல்ல பங்கு தவிட்டோடு போய்விடும்.

முதல் வாரத்தில் வயிறு உப்புகிறது. மாவு கெட்டுவிட்டதா?

இல்லை. இந்த அளவில் நார்ச்சத்து நாளுக்கு 40 கிராமைத் தாண்டும். இட்லி, வெள்ளைச் சோறு என்று பழகிய குடலுக்கு இது திடீர்ச் சுமை. ஒரு வேளை, அரை அளவில் தொடங்கி, இரண்டு வாரத்தில் கூட்டுங்கள். தண்ணீரும் கூட்டுங்கள், இல்லாவிட்டால் மலச்சிக்கல். பால்பவுடர் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் உப்புசம் வரும். இரண்டு நாள் அதை நிறுத்திப் பார்த்தால் காரணம் எது என்று தெரிந்துவிடும்.

மூன்று வேளையும் இதையே சாப்பிட்டு வாழ முடியுமா?

மாத்திரையும் பழமும் சேர்த்தால் கணக்கு நிற்கும். ஆனாலும் இரண்டு வேளையோடு நிறுத்துங்கள் என்பதே நம் கருத்து. நமக்குத் தெரிந்து பட்டியலிட்ட சத்துகளை மட்டுமே நாம் நிரப்பியிருக்கிறோம். தொடர்ந்து சாப்பிடுபவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டுவது), பி12, வைட்டமின் டி பார்த்துக்கொள்வது நல்லது. பெண்களுக்கு ஃபெரிட்டின் கட்டாயம்.

யார் தொடவே கூடாது?

சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. பொட்டாசியம், பாஸ்பரஸ், புரதம் மூன்றுமே இதில் அதிகம். சர்க்கரை நோயாளிகளுக்கு இளக்கிய கஞ்சி பொருந்தாது, நறுக்கப்பட்ட மாவுச்சத்து இரத்தத்தில் வேகமாக ஏறும். அவர்கள் முளை மாவைத் தவிர்த்து, இதே மாவை அடையாகவோ ரொட்டியாகவோ தட்டிச் சாப்பிடலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது. கடுமையாக மெலிந்த குழந்தைக்கு இந்த மாவு வைத்தியமல்ல, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

விற்கலாமா?

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு, ஊட்டச்சத்து அட்டவணை, தயாரித்த தேதி, நிலக்கடலையும் எள்ளும் பாலும் இருப்பதற்கான ஒவ்வாமை எச்சரிக்கை எல்லாம் வேண்டும். நோய் தீரும் என்று எழுதக்கூடாது. அட்டவணையை இணையத்திலிருந்து பார்த்து எழுதாமல் ஆய்வகத்தில் கொடுத்து வாங்குங்கள். அதே மாதிரியில் அஃப்லாடாக்சினும் ஈரப்பதமும் பார்க்கச் சொல்லுங்கள்.